மாடிக்கு ஒரு மரியாதை கெட்டவர்

சென்ற புதன்கிழமை காலை ஒன்பதே காலுக்குக் கவிதா போனில் அழைத்தார். சரவணம்பட்டியில் தீயணைப்பு நிலைய அலுவலராக இருக்கிறார். நான் ஓய்வு பெற்றுக் காலி செய்த நாற்காலியில் எனக்குப் பின் உட்கார்ந்த மூன்றாவது ஆள்.

"சார், ஒரு சந்தேகங்க. அடுக்குமாடிகள்ல படிக்கட்டுக் கதவுக்குப் பக்கத்துல ஒரு மஞ்சப் பலகை தொங்குதுல்லங்க, மாடிக்கு ஒருத்தர் பேரு போட்டு? அது எந்தச் சுற்றறிக்கையில வந்ததுங்க? ஆபீஸ்ல தேடித் தேடி அலுத்துப்போச்சு. புதுசா வந்தவங்களுக்கு வகுப்பு எடுக்கோணும்."

"சுற்றறிக்கையில வரலைங்க கவிதா. ஒரு டீச்சர் வாயில வந்தது."

அவர் சிரித்தார். "அப்ப நீங்களே எழுதிக் குடுத்துருங்க சார். உங்ககிட்டத்தான் டைரி இருக்குதுல்ல."

டைரி இருக்கிறது. பணியில் சேர்ந்த நாள் முதல் கடைசி நாள் வரை எழுதியவை மர அலமாரியின் இரண்டு தட்டுகளை அடைத்துக்கொண்டிருக்கின்றன. உள்ளே பெரிய விஷயம் ஒன்றும் இருக்காது. கிழமை, அழைப்பு வந்த நேரம், வண்டி கிளம்பிய நேரம், காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, யார் யார் போனோம், திரும்பி வந்து என்ன சாப்பிட்டோம். என் மனைவி அதைப் பஞ்சாங்கம் என்பாள். ஊர்ச் சரித்திரப் புத்தகங்களைத் தேடிப்பிடித்துப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அவற்றில் தப்பாக இருப்பது பெரும்பாலும் நாளும் நேரமும்தான். அந்தத் தப்பு என் பக்கத்தில் நேரக்கூடாது என்று ஒரு சின்னப் பிடிவாதம்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஓடினோம், ஏணி ஏறினோம், ஹோஸ் சுருட்டினோம், திட்டு வாங்கினோம். முதல் பணியிடம் மேட்டுப்பாளையம். பாக்கு மண்டியில் தீ, மலைப்பாதையில் கவிழ்ந்த உருளைக்கிழங்கு லாரி, பவானியில் குளிக்கப் போய் மாட்டிக்கொண்டவர்கள். பிறகு வேறு வேறு நிலையங்கள். எங்கே போனாலும் என் டைரியில் அதிகம் வரும் சொல் 'கிணறு'. எங்கள் பக்கத்துக் கிணறுகளின் ஆழம் தெரிந்தவர்களுக்கு இது புரியும். மாடு விழும், ஆடு விழும், மயில் விழும். சில சமயம் மாட்டைக் காப்பாற்ற இறங்கியவரும் விழுவார். பணிக்காலத்தின் முதல் பாதியை நான் குனிந்து கீழே பார்த்தே கழித்தேன். நிமிர்ந்து பார்க்கும் உயரம் என்று எங்களுக்கு இருந்தவை மில் புகைபோக்கியும் தென்னை மரமும்தான்.

அப்புறம் சரவணம்பட்டிக்கு மாற்றலானேன். ஐ.டி. கம்பெனிகளும் கல்லூரிகளும் வந்து, சோளக்காடு இருந்த இடத்தில் பதினான்கு மாடிக் குடியிருப்பு ஒன்று எழுந்து நின்றது. பணியேற்ற அன்று மாலை அதன் முன்னால் நின்று மாடிகளை எண்ணினேன். கழுத்து வலித்தது. அன்றைய டைரியில் ஒரே வரிதான்: 'இதுவும் கிணறுதான். தலைகீழாக.'

அந்த வரியை யூசுப் சாரிடம் மட்டும் காட்டினேன். அவர் அப்போது எங்கள் மாவட்ட அதிகாரி. கோட்டைமேட்டுக்காரர். அவருடைய அப்பா பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசியவர். படித்துவிட்டு டைரியைத் திருப்பிக் கொடுத்தார்.

"சரிதானுங்க வேலுச்சாமி. ஆனா ஒரு வித்தியாசம் இருக்குது. கெணத்துல உழுந்த மாடு, ஊட்டப் பூட்டிப்போட்டு வாரேன், செருப்பு எங்கேன்னு தேடாதுங்க."

யூசுப் சார் ஒரு கட்டடத்தைப் பார்க்கும் விதத்தை இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வந்து இறங்கியதும் காபி வேண்டாம் என்பார். லிப்ட் பக்கம் திரும்பமாட்டார். நேரே படிக்கட்டுக் கதவைத் திறந்து உச்சி மாடி வரை நடந்தே ஏறுவார். சட்டைப் பையில் நாலாக மடித்த வெள்ளைக் கைக்குட்டை இருக்கும். கைப்பிடி, கதவின் மேல்விளிம்பு, ஜன்னல் கட்டை எல்லாவற்றையும் அதால் ஒரு முறை தடவிப் பார்ப்பார். எவ்வளவு காலமாக யாரும் தொடவில்லை என்பதை அந்தத் தூசி சொல்லிவிடும் என்பது அவர் கணக்கு. இருக்கக்கூடாத ஒன்றைப் பார்த்தால் 'தப்பு' என்று சொல்லமாட்டார். சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டு, "இது எதுக்குங்க இங்கிருக்குது?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா நிற்பார். அந்த அமைதியை இரண்டு நிமிடத்துக்கு மேல் தாங்கிய ஆளை நான் பார்த்ததில்லை.

பதினான்கு மாடிக் குடியிருப்பின் ஏழாவது மாடியில் அப்படித்தான் நின்றார். படிக்கட்டுத் திருப்பத்தில் மூன்று மூட்டை தேங்காய். படிக்கட்டுக் கதவு மூடாதபடி அதன் அடியில் ஒரு தேங்காய் முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் சின்னச்சாமிதான் சொந்தக்காரர். உடுமலைப்பேட்டைத் தேங்காய் வியாபாரி, மகளின் வேலைக்காக இங்கே வீடு வாங்கி வந்தவர். கும்பிட்ட கையை இறக்காமலே பேசும் மனிதர்.

"இது எதுக்குங்க இங்கிருக்குது?" என்றார் யூசுப் சார், முட்டுத் தேங்காயைப் பார்த்து.

"கதவு ரிப்பேருங்க. தெறந்து உட்டாத் தானாச் சாத்திக்குது. பில்டர்கிட்ட ரெண்டு தடவை எழுதிக் குடுத்தமுங்க, வந்து பாக்கவே இல்லை."

"தானாச் சாத்திக்கறதுதானுங்க அந்தக் கதவோட வேலை. பொகை வந்தா மாடியில வரும், படிக்கட்டுக்குள்ள வராது. நீங்க எறங்கறதுக்கு வழி மிச்சமிருக்கும்."

சின்னச்சாமி குனிந்து தேங்காயை எடுத்தார். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. "அட, பாவத்தே. நல்லா இருக்கற கதவைக் கெட்டுப்போச்சுன்னு திட்டிக்கிட்டு இருந்திருக்கறமுங்க" என்றார். மறுநாள் மூட்டைகள் போய்விட்டன. அவற்றில் ஆறு தேங்காய் எங்கள் நிலையத்துச் சமையலறைக்கு வந்தது.

முதல் ஒத்திகை ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை. முறை இதுதான். ஆறாவது மாடியில் தீ என்று வைத்துக்கொள்வோம். மணி அடித்ததும் ஆறாவது மாடி முதலில் இறங்க வேண்டும், அடுத்து அதற்கு நேர்மேலே உள்ள ஏழாவது, பிறகு மற்ற மாடிகள். லிப்டைத் தொடக்கூடாது. கடைசியாக வருபவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடக்க முடியாதவர்களை, மற்றவர்கள் இறங்கிய பிறகு, நாற்காலியில் தூக்கிவர வேண்டும். கீழே வேப்பமரத்தடியில் மாடி வாரியாக நிற்க வேண்டும்.

காலை பத்து ஐந்துக்கு மணி அடித்தது. நான் வேப்பமரத்தடியில் கடிகாரத்தோடு நின்றேன். ஐந்து நிமிடம் யாரும் வரவில்லை. எட்டு நிமிடம் ஆயிற்று. ஒரு பூனை வந்தது. நானும் யூசுப் சாரும் படியேறினோம்.

ஏழாவது மாடியில் படிக்கட்டு நிறைய ஆள். சின்னச்சாமி கதவைத் தன் முதுகால் திறந்து பிடித்து, கும்பிட்டபடி நின்றார்.

"வாங்க, வாங்க. மேல்மாடிக்காரங்க மொதல்ல போங்க."

"அட, நீங்க போங்க. உங்க மாடியில பெரியவங்க இருக்கறாங்க."

"பரவாயில்லீங்க, நாங்க நிக்கறோம். நீங்க எவ்வளவு ஒசரத்துல இருந்து வாரீங்க."

ஆறாவது மாடிக்காரர்கள் போய்விட்டார்களா என்றால், அவர்களும் பாதிப் படியில் நின்றிருந்தார்கள். மேலே ராஜாமணி டீச்சர் வருகிறாராம், அவரை விட்டுவிட்டு முன்னால் போவது முறையில்லையாம்.

ராஜாமணி டீச்சர் அரசுப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். இடுப்பில் ஆபரேஷன் ஆகி மூன்று வாரம். ஏழாவது மாடியில் தனியாக இருந்தார். பிடித்து நடக்கும் வாக்கரோடு கதவருகே நின்றுகொண்டு எங்களைப் பார்த்தார்.

"ஏனுங்க சார், இங்க நிக்கறவங்களை எண்ணிப்போட்டேன். நாப்பத்தி மூணு பேரு. எல்லாரும் ரொம்ப நல்லவங்க. நல்லவங்களாவே வெந்துபோயிருவாங்க."

யூசுப் சார் கதவைக் காட்டிக் கேட்டார்: "இது எவ்வளவு நேரமாத் தெறந்திருக்குதுங்க?"

"மணி அடிச்சதுல இருந்துங்க" என்றார் சின்னச்சாமி, பெருமையாக. "ஒரு நிமிசம் சாத்தலைங்க. யாரு மூஞ்சியிலயும் கதவைச் சாத்தப்படாதுல்லங்க."

"அப்ப நாப்பத்தி நாலாவதா பொகையும் உள்ள வந்திருக்கும். அதை யாரும் வாங்கன்னு சொல்ல வேண்டாமுங்க. கதவு தெறந்திருந்தாப் போதும்."

கடைசி ஆள் கீழே வந்தபோது என் கடிகாரத்தில் முப்பத்தொரு நிமிடம்.

பிறகு சங்க அறையில் காபியும் தேங்காய் பன்னும் வைத்து ஒரு கூட்டம். யூசுப் சார் குறை எதுவும் சொல்லாமல், "முன்னால போறதுக்கு ஒருத்தருக்கும் மனசு வரலைங்க. என்ன பண்ணலாம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு நின்றார். அந்த அமைதியை உடைத்தவர் ராஜாமணி டீச்சர்.

"என்ற வகுப்புல அம்பது பசங்க இருப்பானுங்க. மணி அடிச்சா ஒரு நிமிசத்துல வகுப்பு காலி. அவனுங்களைப் புடிச்சுப் பெரிய மனுசங்க ஆக்கினதுதான் தப்பாப் போச்சு. மாடிக்கு ஒரு மரியாதை கெட்டவங்க வேணுமுங்க. மணி அடிச்சுப்போட்டா அவங்களுக்குப் பெரியவங்க சின்னவங்க கெடையாது. யாரா இருந்தாலும் 'போ'ன்னு சொல்லலாம், தோளைப் புடிச்சுத் தள்ளலாம். அப்புறமேலுக்கு யாரும் அதை மனசுல வெச்சுக்கப்படாது."

அறை முழுக்கச் சிரிப்பு. யூசுப் சார் சிரிக்காமல் குறிப்பேட்டை எடுத்து எழுதினார். "இதையே வெச்சுக்கலாமுங்களா?" என்றார்.

ஆறாவது மாடிக்கு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண் உடனே கை தூக்கினார். "எங்க மாமியார்கிட்டக் கேட்டீங்கன்னா நான் ஏற்கெனவே அப்படித்தானுங்க." ஏழாவது மாடிக்கு டீச்சர் தயங்காமல் சின்னச்சாமியைக் காட்டினார்.

"என்னங்க டீச்சர் இது. எனக்கு அது வாயில வராதுங்க. என்ற ஊட்டு நாயையே வாங்கன்னுதான் கூப்புடறேன்."

"அதுக்குத்தானுங்க. உங்களால முடிஞ்சா எல்லாராலயும் முடியும்."

பலகை எழுதக் காந்திபுரத்தில் ஒரு பெயிண்டரிடம் கொடுத்தோம். வாசகம் சரிதானா என்று அவர் இரண்டு முறை போன் செய்து கேட்டார். மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து. 'ஏழாவது மாடி. மரியாதை கெட்டவர்: சின்னச்சாமி.' பதினான்கு பலகைகளும் அந்த வாரமே தொங்கின. குடியிருப்புக்கு வந்த தபால்காரர் ஒவ்வொரு மாடியாக நின்று படித்துவிட்டுப் போனதாகச் சொன்னார்கள்.

இடையில் நாற்காலிப் பயிற்சி நடந்தது. உட்கார்ந்தவரை இடுப்போடு சேர்த்து ஒரு போர்வையால் நாற்காலியில் கட்ட வேண்டும். பின்னால் நிற்பவர் நாற்காலியைத் தன் பக்கம் சாய்த்துப் பிடிப்பார். முன்னால் இருப்பவர் முன்கால்களைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்குவார். அவருக்குப் படி தெரியாது என்பதால், மூன்றாவது ஆள் அவர் முதுகில் கை வைத்து ஒவ்வொரு படியாகச் சொல்வார். நாங்கள் மணல் மூட்டை கொண்டுபோயிருந்தோம். "மூட்டை எதுக்குங்க, நான் இருக்கறேன்ல" என்று டீச்சரே ஏறி உட்கார்ந்துகொண்டு, இறங்க இறங்கப் படிகளை எண்ணினார். மாடிக்கு இருபத்திரண்டு. கட்டட வரைபடத்தில் இருபத்தொன்று என்று போட்டிருந்தது. டீச்சர் சொன்னதே சரி.

இரண்டாவது ஒத்திகை ஆடியில். ஆறாவது மாடி மூன்று நிமிடத்தில் காலியானது. ஏழாவதில் சின்னச்சாமி, "தயவு பண்ணிப் போங்க, தப்பா நெனச்சுக்காதீங்க, போகச் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். பத்தொன்பது நிமிடம். முடிந்ததும் யூசுப் சார் அவரைத் தனியாகப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போனார்.

"என்னைத் தள்ளி உட்டு, போன்னு சொல்லுங்க பாக்கலாம்."

"உங்களையுங்களா? நீங்க எவ்வளவு பெரிய அதிகாரி."

"அதனாலதானுங்க."

பத்து நிமிடம் முயன்றார்கள். சின்னச்சாமி வியர்த்து நனைந்ததுதான் மிச்சம்.

ஆவணி பிறந்து முதல் வளர்பிறைப் புதன்கிழமை. அந்த வருடம் ஆடிக்காற்று ஆவணியிலும் அடங்கவில்லை. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற மேல்காற்று, உயரத்தில் கேட்பாரற்று அடிக்கும். காலை பத்து நாற்பத்திரண்டுக்கு அழைப்பு. அதே குடியிருப்பு, அதே ஆறாவது மாடி. மின்சார ஸ்கூட்டரின் பேட்டரியைக் கழற்றி வந்து ஹாலில் சார்ஜ் போட்டுவிட்டு, ஒரு வீட்டில் சேர்ந்து தங்கியிருந்த பையன்கள் மூவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். அது வெடித்து சோபாவில் பற்றிக்கொண்டது. சத்தி ரோட்டு நெரிசலைக் கடந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பத்து ஐம்பத்தொன்று. மேற்கு ஜன்னலில் கறுப்பாகப் புகை.

வேப்பமரத்தடியில் மாடி வாரியாக நின்றிருந்தார்கள். என் பணிக்காலத்தில் நான் பார்த்த மிக அழகான காட்சிகளில் ஒன்று அது. ஆறாவது மாடிப் பெண் முன்னால் வந்து, "ஆறாவது மாடி ஒம்பது பேருங்க சார், எல்லாரும் வந்தாச்சு. எரியற ஊட்டுல யாரும் இல்லை, போன்ல கேட்டுப்போட்டேன்" என்றார்.

ஏழாவது மாடியில் நான்கு பேர் குறைந்தார்கள். டீச்சர், சின்னச்சாமி, அவர் மகள், நான்காவதாக யாரோ ஒரு விருந்தாளி.

மேலே நடந்ததை டீச்சர் எனக்கு மூன்று தடவை சொல்லியிருக்கிறார். மூன்று தடவையும் ஒரு சொல் மாறவில்லை என்பதால் நம்பி எழுதுகிறேன்.

அன்று சின்னச்சாமி வீட்டில் மகளுக்கு உறுதி வார்த்தை, கல்யாணப் பேச்சை முடிவு செய்யும் நாள். கோபிப் பக்கத்து மஞ்சள் விவசாயி நல்லசிவம், மகனோடும் உறவினரோடும் பதினொரு பேராக வந்திருந்தார். தட்டு மாற்றுவதற்கு முன் காபி குடித்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சரசரவென்று இறங்கினார்கள். விருந்தாளிகளும் கதவுக்கு வந்தார்கள். முன்னால் வந்த நல்லசிவம், வாக்கரோடு வந்துகொண்டிருந்த டீச்சரைப் பார்த்ததும் கதவை அகலத் திறந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

"அம்மணி, நீங்க மொதல்ல வாங்க."

"நான் கடைசிங்க. என்னைத் தூக்கிட்டுப் போவாங்க. நீங்க எறங்குங்க."

"அதெப்பிடிங்க. முடியாதவங்களை உட்டுப்போட்டு நாங்க முன்னால போனா மனுசனுங்களா?"

அவர் நின்றதால் அவருடைய ஆட்கள் பத்துப் பேரும் நின்றார்கள். மேல்மாடிகளிலிருந்து வந்தவர்கள், பட்டும் வேட்டியுமாக நிற்கும் கூட்டத்துக்கு வழிவிட்டுப் படியில் நின்றார்கள். அப்போது ஏழாவது மாடி நடைவழியில், மின்கம்பிகள் மேலேறிப் போகும் சந்தின் கதவிடுக்கில் புகை கசிய ஆரம்பித்தது. கசிந்தது, கொஞ்ச நேரத்தில் கொட்டியது.

சின்னச்சாமி கும்பிட்டபடி, "போங்க, தயவு பண்ணிப் போங்க" என்று இரண்டு முறை சொன்னார். நல்லசிவம் தலையை ஆட்டி மறுத்தார். சின்னச்சாமி சுவரில் இருந்த மஞ்சள் பலகையை ஒரு தரம் பார்த்தார். பிறகு கும்பிட்ட கையைப் பிரித்தார்.

"யோவ், கதவ உடு. எறங்கு கீழ. போய்யா. போ."

சொல்லிவிட்டு, நல்லசிவத்தின் தோளைப் பிடித்துப் படிக்கட்டுக்குள் தள்ளினார். அடுத்து நின்ற பெரியம்மாவை, "நீயுந்தான், போ" என்றார். பெண் கேட்டு வந்த வீட்டாரில் ஒருவர் பாக்கி இல்லாமல் தள்ளினார். நல்லசிவத்தின் முகம் சிவந்துபோனதாம். ஆனால் படி ஓட ஆரம்பித்தது. மேல்மாடிக்காரர்களும் நிற்காமல் இறங்கினார்கள். டீச்சரையும் நாற்காலியையும் படிக்கட்டுக்குள் இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார் சின்னச்சாமி. படி காலியாகும்வரை திருப்பத்தில் காத்திருந்தார்கள்.

அப்போதுதான் தெரிந்தது, மாப்பிள்ளைப் பையன் இறங்கவில்லை. "நாற்காலிக்கு ரெண்டு பேரு வேணுமுங்க மாமா" என்று முன்கால்களைப் பிடித்துக் குனிந்துவிட்டான்.

நானும் என் ஆட்களும் ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறியபோது, நான்காவது மாடியில் அந்த ஊர்வலத்தைச் சந்தித்தோம். பின்னால் சின்னச்சாமி சாய்த்துப் பிடித்திருந்தார். முன்னால் பையன் பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தான். அவன் முதுகில் கை வைத்து, "படி... படி... இப்பத் திருப்பம்" என்று பட்டுச்சேலையில் மணப்பெண். நடுவில் டீச்சர்.

"சார், நீங்க வலப்பக்கமா ஏறுங்க, நாங்க இடப்பக்கம் வாரோம்" என்று எனக்கு உத்தரவு போட்டுவிட்டுப் பையனிடம் கேட்டார்: "ஏழுல இருந்து எத்தனை படி வந்திருக்கறோம்?"

"அறுபத்தாறுங்க டீச்சர்."

டீச்சர் கழுத்தைத் திருப்பி, "கணக்கு சரியா இருக்குதுங்க சின்னச்சாமி. குடுக்கலாம்" என்றார்.

தீயைப் பற்றி இளையவர்களுக்காக ஒரு பத்தி. ஐந்தாவது மாடித் திருப்பத்தில், கட்டடத்தின் சிவப்புத் தண்ணீர்க் குழாயில் ஹோஸை இணைத்தோம். தீ இருக்கும் மாடியில் இணைக்கக்கூடாது, எப்போதும் ஒரு மாடி கீழே. மூச்சுக்கருவி மாட்டி ஆறாவது மாடிக்குள் போனோம். வீட்டுக் கதவைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. ஜன்னல் கண்ணாடி உடைந்து மேல்காற்று உள்ளே அடிப்பதைக் கீழேயே பார்த்திருந்தேன். கதவை அகலத் திறந்தால் தீ நம் முகத்துக்குத்தான் வரும். சுவரோரம் குனிந்து, ஒரு சாண் திறந்து, கூரையைப் பார்த்துத் தண்ணீர் அடித்து, மூடினோம். மறுபடி திறந்து அடித்து மூடினோம். நான்காவது முறைதான் உள்ளே போனோம். பேட்டரி இரண்டு முறை அணைந்து மறுபடி புகைந்தது. பதினொன்று இருபத்து நான்குக்கு முடிந்தது. ஒரு சோபா, ஒரு கட்டில், மூன்று பேருடைய துணிமணி. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

கீழே வந்தால் வேப்பமரத்தடியில் வேறொரு புகைச்சல். நல்லசிவம் ஒரு நாற்காலியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் ஆட்கள் காரின் பக்கம் நின்றார்கள். சின்னச்சாமி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைவாக நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாம் போச்சுங்க சார். பொண்ணக் குடுக்கற எடத்துல போய்யான்னு சொல்லிப்போட்டேன். தள்ளியும் போட்டேன். அந்தப் பெரியம்மாளையும் தள்ளிப்போட்டேனுங்க. என்ற பொண்ணு மூஞ்சியில எப்பிடி முழிப்பேன்? பன்னெண்டுக்கு ராகு காலம். தட்டு மாத்தாமக் கெளம்பிருவாங்க."

அந்த நேரத்தில் யூசுப் சார் வந்து சேர்ந்தார். நடந்ததைக் கேட்டார். நேரே நல்லசிவத்திடம் போய்க் குனிந்து, "ஏனுங்க, உங்களால ஏழு மாடி ஏற முடியுமுங்களா? ஒண்ணு காட்டோணும்" என்றார். அதிகாரி கூப்பிடும்போது மறுக்க நல்லசிவத்தின் மரியாதை விடவில்லை. நானும் கூடப் போனேன்.

ஏழாவது மாடிக் கதவின் படிக்கட்டுப் பக்கத்தை யூசுப் சார் வெள்ளைக் கைக்குட்டையால் மேலிருந்து கீழாகத் துடைத்துக் காட்டினார். வெள்ளையாகவே இருந்தது. கதவைத் திறந்து மறுபக்கத்தைத் துடைத்தார். கைக்குட்டை மை போல ஆனது. நல்லசிவத்தின் உயரத்துக்கு, அவர் நின்ற இடத்தில், சுவர் முழுக்கக் கரி. அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். விரலைப் பார்த்தார். மேலே எட்டாவது மாடிக்குப் போகும் படிகளைப் பார்த்தார். அவை பளிச்சென்று இருந்தன.

யூசுப் சார் மஞ்சள் பலகையின் பக்கம் கையைக் காட்டினார். "இது எதுக்குங்க இங்கிருக்குது?" என்று கேட்டுவிட்டு நின்றார்.

நல்லசிவம் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, வாய்விட்டுப் படித்தார். "ஏழாவது மாடி. மரியாதை கெட்டவர், சின்னச்சாமி." இன்னொரு முறை படித்தார். முதலில் அவர் வயிறு குலுங்கியது, பிறகுதான் சத்தம் வந்தது. படிக்கட்டு முழுக்க எதிரொலிக்கும் சிரிப்பு.

"மொதல்லயே இதைப் படிச்சிருந்தேன்னா, இந்த ஊட்டுல பொண்ணே கேட்டிருக்க மாட்டேனுங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். தாம்பூலத் தட்டைத் தானே தூக்கிக்கொண்டு ஏழு மாடியும் நடந்தே இறங்கினார். பதினொன்று ஐம்பதுக்கு, வேப்பமரத்தடியில், ஈர ஹோஸ்களுக்கு நடுவில் இரண்டு வீட்டாரும் நின்றார்கள்.

"நீங்க மொதல்ல வாங்கிக்கோங்க சம்பந்தி" என்றார் சின்னச்சாமி, கும்பிட்டபடி.

"அட, நீங்க மொதல்ல."

"இல்லீங்க, பெரியவங்க நீங்க."

"பன்னெண்டு அடிக்கப் போகுது" என்று நாற்காலியிலிருந்து டீச்சர் குரல் கொடுத்தார். ஐம்பத்தாறுக்குத் தட்டு மாறியது. மாடி வாரியாக நின்றவர்கள் மாடி வாரியாகவே கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகு மற்ற குடியிருப்புகளிலிருந்து வந்து பார்த்து, அதே பெயிண்டரிடம் எழுதி வாங்கிப் போனார்கள். பெயிண்டர் இப்போது யாருக்கும் போன் செய்து கேட்பதில்லை. எங்கள் அலுவலகக் கடிதங்களில் மட்டும் 'தள வழிகாட்டி' என்று நாகரிகமாக எழுதினோம். கவிதா தேடியும் கிடைக்காததற்கு அதுதான் காரணம். கம்பிகள் ஏறும் சந்தை மாடிக்கு மாடி அடைத்துப் பூசச் சொல்லி மூன்று முறை எழுதிய கடிதமும் அதே கோப்பில் இருக்கும். அதைச் செய்து முடித்த பிறகுதான் யூசுப் சார் அந்தக் கோப்பை மூடினார். அடுத்த வருடத்தில் அவர் ஓய்வு பெற்றார்.

கல்யாணம் தை மாதத்தில், கோபியில். டீச்சர் வாக்கர் இல்லாமல் வந்திருந்தார். யூசுப் சாரும் நானும் ஒன்றாகப் பஸ்ஸில் போனோம். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பந்தியில் முதல் இலைக்கு உட்கார ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது எல்லோருக்கும் தெரியும். சாப்பாட்டு மண்டபத்து வாசலில் இருநூறு பேர், நீங்க போங்க நீங்க போங்க என்று நிற்பார்கள். உள்ளே இலை காயும்.

அன்று வாசலில் ஒரு மஞ்சள் பலகை தொங்கியது. அதே பெயிண்டரின் கையெழுத்து. 'முதல் பந்தி. மரியாதை கெட்டவர்: நல்லசிவம்.' பலகைக்கு அடியில், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளையின் அப்பா நின்றிருந்தார். சின்னச்சாமி கைகூப்பியபடி வந்து, "சம்பந்தி, நீங்க மொதல்ல..." என்று ஆரம்பித்தார்.

"யோவ், போய் உக்காரு. போ" என்று நல்லசிவம் அவர் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினார். அடுத்து யூசுப் சாரை. அடுத்து என்னை.

முதல் பந்தி நிரம்ப எடுத்துக்கொண்ட நேரம் மூன்றரை நிமிடம். டைரியில் இருக்கிறது.